கேள்வி கேட்காத தலைவரிடம் கோப்பு கொண்டுபோவது எப்படி?

வரி குறைய வேண்டும், ராணுவ பலம் கூட வேண்டும், சோவியத் யூனியனுக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது. அமெரிக்க அதிபர் ரொனால்ட் ரீகனுக்குப் பிடிவாதம் இருந்தது பெரும்பாலும் இந்த மூன்றில்தான். எந்தத் திட்டத்தில் எவ்வளவு வெட்டுவது, எந்தத் துறை எதைச் செய்வது என்பதெல்லாம் சுற்றி இருப்பவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டியவை. இப்படிப்பட்ட தலைவரிடம் ஆலோசகராக இருப்பவர் எப்படி வேலை செய்யலாம், எங்கே சறுக்கலாம் என்பதற்கு 1981 முதல் 1989 வரையிலான வெள்ளை மாளிகை நல்ல பாடம்.

முதல் வேலை, தலைவரின் பிடிவாதங்களை எழுதி வைத்துக்கொள்வது. ஐந்து வரிக்கு மேல் போகாது. அவர் இப்போது போடும் உத்தரவுகளைவிடப் பதவிக்கு வருமுன் பேசிய பேச்சுகளில் இவை தெளிவாகத் தெரியும். உங்கள் யோசனை அந்தச் சொற்களில்தான் அவரிடம் போக வேண்டும். 1982இல் பட்ஜெட் பற்றாக்குறை ஏறியபோது ஆலோசகர்களுக்கு வரி வருவாய் தேவைப்பட்டது. ‘வரி உயர்வு’ என்று கொண்டுபோயிருந்தால் ரீகன் தொட்டிருக்க மாட்டார். சட்டத்தின் ஓட்டைகளை அடைக்கிறோம், ஒரு டாலர் வரிக்கு மூன்று டாலர் செலவு குறையும் என்று சொன்னார்கள். செப்டம்பரில் சட்டம் கையெழுத்தானது. சொன்ன அளவுக்குச் செலவு குறையவில்லை, ரீகன் அதைப் பல ஆண்டுகள் குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். விவரம் கேட்காதவர்கள் வாக்குறுதியை மறப்பதில்லை. கொடுக்க முடியாததைப் பேரம் பேசாதீர்கள்.

பிடிவாதத்தையே மாற்றப் பார்ப்பது வீண். 1987 ஜூனில் பெர்லினில் பேச வேண்டிய உரையில், சுவரை இடியுங்கள் என்று சோவியத் தலைவர் கோர்பச்சேவிடம் சொல்லும் வரியை நீக்கும்படி வெளியுறவுத் துறையும் தேசியப் பாதுகாப்பு கவுன்சில் அதிகாரிகளும் வற்புறுத்தினார்கள். ரீகன் அதை அப்படியே பேசினார்.

அடுத்து, காகிதம் வரும் வழி. 1980 நவம்பரில், பதவியேற்புக்கு முன்பே, வெள்ளை மாளிகைத் தலைமை அலுவலராக வரவிருந்த ஜேம்ஸ் பேக்கரும் ரீகனின் நெடுநாள் உதவியாளர் எட்வின் மீஸும் ஒரு பக்கத் தாளில் எழுதி அதிகாரத்தைப் பிரித்துக்கொண்டார்கள். மீஸுக்கு அமைச்சர் தகுதி, ஆலோசகர் பட்டம், கொள்கைப் பொறுப்பு. பேக்கருக்கு அதிபரிடம் போகும், அவரிடமிருந்து வரும் காகிதங்கள், சந்திப்பு நேரங்கள், ஊழியர் நியமனம். பட்டத்தை மட்டும் பார்த்தால் மீஸ் ஜெயித்ததாகத் தோன்றும். கேள்வி கேட்காத தலைவரிடம் எந்தக் காகிதம் எப்போது மேசைக்கு வருகிறதோ அதுதான் கொள்கை. பேக்கருக்காக அந்தக் காகிதங்களைக் கவனித்துக்கொண்ட ரிச்சர்ட் டார்மனைப் பொதுமக்களில் பலருக்குத் தெரியாது, அமைச்சர்களுக்கு நன்றாகத் தெரியும்.

நீங்கள் செய்ய வேண்டியது: ஒருவர் பொறுப்பில் ஒரு பதிவேடு. யார் அனுப்பினார், எந்தத் துறைகள் கருத்துச் சொன்னன, எப்போது உள்ளே போனது, என்ன குறிப்போடு திரும்பியது. நடைபாதையில் யாராவது தலைவர் கையில் நேராகத் திணிக்கும் தாளும் இந்தப் பதிவேட்டில் ஏறாமல் கையெழுத்துக்குப் போகக் கூடாது.

குறிப்பு ஒரு பக்கம். ரீகன் கலிபோர்னியா ஆளுநராக இருந்தபோதே அவருடைய உதவியாளர் வில்லியம் கிளார்க் இந்த முறையைக் கொண்டுவந்தார். நான்கு பத்தி: பிரச்சினை, தகவல்கள், வாதங்கள், பரிந்துரை. படிக்க வைக்கும் முறைதான், ஆனால் ஓட்டை மூன்றாம் பத்தியில் இருக்கிறது. எதிர்த் தரப்பின் வாதத்தையும் நீங்களே எழுதினால் அது மெலிந்துபோகும். உங்களுக்கே தெரியாமல்கூட மெலியும். எதிர்க்கும் துறையே தன் மூன்று வரியை எழுதிக் கையெழுத்திடட்டும். யாரும் ஏற்காத இரண்டு வழிகளுக்கு நடுவே தன் வழியை வைக்கும் பழைய தந்திரம் கேள்வி கேட்காதவரிடம் சுலபமாகப் பலிக்கும். ஒருமுறை அம்பலமானால் அதன்பின் உங்கள் எந்தக் குறிப்பையும் மற்ற துறைகள் நம்பா.

சண்டையை ஒழித்துவிடாதீர்கள். முதல் நான்கு ஆண்டில் பேக்கர், மீஸ், பேக்கரின் துணை அலுவலர் மைக்கேல் டீவர் மூவருக்கும் போட்டி இருந்ததால், ஒருவர் கொண்டுவந்ததை இன்னொருவர் துருவிப் பார்த்தார். 1985 ஜனவரியில் பேக்கரும் நிதி அமைச்சர் டொனால்ட் ரீகனும் (பெயர் ஒற்றுமைதான், உறவில்லை) தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு பதவியை மாற்றிக்கொண்டார்கள்; டொனால்ட் ரீகன் தலைமை அலுவலரானார். அதிபர் பெரிதாக எதுவும் கேட்காமல் சம்மதித்தார். அதற்குப் பின் வாசலில் ஒரே ஆள், துருவிப் பார்க்க வேறு கண் இல்லை.

விளைவு, ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்ற விவகாரத்தில் தெரிந்தது. 1986 ஜனவரி 17 அன்று பாதுகாப்பு ஆலோசகர் ஜான் பாயிண்டெக்ஸ்டர் ஒரு குறிப்போடு போனார். எழுதியவர் தேசியப் பாதுகாப்பு கவுன்சில் ஊழியர் ஆலிவர் நார்த். வெளியுறவு, பாதுகாப்பு அமைச்சர்கள் இருவரும் இந்த விற்பனையைப் பரிந்துரைக்கவில்லை என்பது அதில் இருந்தது. ஆனால் அந்த இருவரும் அறையில் இல்லை. குறிப்பை அதிபர் ரீகன் படிக்கவில்லை, வாய்மொழியாகச் சொல்லப்பட்டதைக் கேட்டு அனுமதி ஆணையில் கையெழுத்திட்டார். வாய்மொழியாக விளக்கப்பட்டது என்று பாயிண்டெக்ஸ்டரே குறிப்பின் அடியில் எழுதி வைத்தார். ஆயுதம் விற்ற பணத்தை நிகரகுவா அரசை எதிர்த்துப் போராடிய கான்ட்ராக்கள் என்ற கிளர்ச்சியாளர்களுக்குத் திருப்பியபோது அதிபரிடம் கேட்கவே இல்லை, அவரைக் காப்பாற்றத்தான் சொல்லவில்லை என்று 1987இல் சாட்சியம் சொன்னார். ‘அவர் எப்படியும் சரியென்றுதான் சொல்லியிருப்பார்’ என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது சொன்னால், அந்தக் கோப்பை அங்கேயே நிறுத்துங்கள்.

வாய்மொழி ஒப்புதல் கிடைத்தால் அதே நாளில் எழுதுங்கள்: என்ன சொல்லப்பட்டது, எது சொல்லப்படவில்லை, யார் இருந்தார்கள், யார் எதிர்த்தார்கள். எழுந்து வருமுன் முடிவைத் தலைவர் வாயாலேயே ஒருமுறை சொல்ல வையுங்கள். வெறும் தலையசைப்பு ஒப்புதல் ஆகாது. 1985 ஆகஸ்டில் இஸ்ரேல் வழியாக ஈரானுக்குப் போன ஏவுகணைகளுக்கு முன்கூட்டியே சம்மதித்தீர்களா என்று இந்த விவகாரத்தை விசாரித்த டவர் குழு கேட்டபோது அதிபர் ரீகன் முதலில் ஆம் என்றார், பிறகு இல்லை என்றார், கடைசியில் நினைவில்லை என்று எழுதிக் கொடுத்தார். 1985 டிசம்பரில் அவர் கையெழுத்திட்ட வேறோர் ஆணையைப் பாயிண்டெக்ஸ்டர் 1986 நவம்பரில் கிழித்துப் போட்டிருந்தார். எனவே குறிப்பின் ஒரு பிரதியை அன்றே எதிர்த்த துறைக்கு அனுப்பி, கிடைத்ததற்குக் கையெழுத்து வாங்கிப் பதிவேட்டில் ஒட்டுங்கள்.