துணி நெப்பி தொடங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: மட்டக்களப்பு, அம்பாறை வீடுகளுக்காக

பிள்ளை பிறக்கப்போவது எந்த மாதம்? துணி நெப்பி எத்தனை வாங்கலாம் என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான். கடைக்காரர் இதைக் கேட்க மாட்டார். வெளிநாட்டில் இருக்கும் மச்சாள் அனுப்பும் வீடியோவிலும் இது வராது. ஆனால் நம் பக்கத்தில் துணி நெப்பியைத் தொடங்கிவிட்டுக் கைவிட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். கட்டத் தெரியாமல் விட்டவர்கள் குறைவு. தோய்த்துக் காயவைக்க முடியாமல் விட்டவர்கள்தான் அதிகம்.

வைகாசி, ஆனியில் பிறக்கும் பிள்ளைக்குக் கச்சான் காற்று துணை நிற்கும். காலையில் கொடியில் போட்ட மெல்லிய துணி சோறு வடிப்பதற்குள் காய்ந்துவிடும். நவம்பர், டிசம்பரில் பிறந்தால் கதை வேறு. ஆண்டு மழையின் பெரும்பங்கு இந்தக் கரையில் அந்த மாதங்களையும் ஜனவரியையும் ஒட்டித்தான் கொட்டுகிறது. நாள் முழுக்க வெயில் வராது, காற்றிலும் ஈரம். தடித்த நெப்பி ஒன்று காய இரண்டு நாள் எடுக்கும். பிறந்த பிள்ளையோ அவ்வளவு நேரம் காத்திருக்காது. ஐந்தாம் நாளுக்குப் பிறகு, பால் போதுமான அளவு குடிக்கும் பிள்ளை ஒரு நாளில் ஆறு தடவையாவது நனைக்கும். பால் குடித்த கையோடு மலமும் போகும். ஆக, ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை மாற்ற வேண்டிவரும்.

நாள்தோறும் தோய்க்க முடிந்தால் வெயில் காலத்துக்கு 20 முதல் 24 துணி போதும். மாரியில் பிறக்கும் பிள்ளைக்கு அதில் பாதி இன்னும் கூட்டிக்கொள்ளுங்கள்.

சரி, எந்த வகை? பிள்ளை பிறக்க முன்னரே அழகான படம் போட்ட, பட்டன் வைத்த நெப்பிகளைப் பெட்டியாக வாங்கி அடுக்குவதுதான் எல்லோரும் செய்வது. எல்லா வயதுக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் இந்த நெப்பிகள் உண்மையில் மூன்றரை, நான்கு கிலோவுக்கு மேல்தான் ஒழுங்காகப் பொருந்தும். நம்மூரில் பிறக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் மூன்று கிலோவை ஒட்டியவர்கள். தொடைப்பக்கம் இடைவெளி விழுந்து எல்லாம் வழிந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு, துணி நெப்பியே சரிவராது என்று அம்மம்மாவோ மூத்தம்மாவோ தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். பாவம், நெப்பியில் பிழை இல்லை, இரண்டு மாதம் முந்திக் கட்டியதுதான் பிழை.

முதல் மாதங்களுக்குச் சதுரமாக வெட்டிய ஒற்றைத் துணியை விஞ்ச எதுவும் இல்லை. 60, 70 சென்ரிமீற்றர் அளவில் வெட்டி, ஓரம் மடித்துத் தைத்தால் போதும். கட்டும்போது மடித்துத் தடிப்பாக்கலாம், தோய்க்கும்போது விரித்து மெல்லிசாக்கலாம். மாரியில் இது பெரிய விசயம். பல அடுக்குகளை ஒன்றாகத் தைத்த நெப்பிக்கு இந்த வசதி கிடையாது. பழைய பருத்திச் சாறமும் வொயில் சாறியும் நல்லாக உதவும். ஆனால் எல்லாப் பழைய சாறியும் பருத்தி அல்ல. துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சினால் எடுத்துக்கொள்ளுங்கள், முத்துப் போல நின்றால் வேறு வேலைக்கு வையுங்கள். மருதமுனைக் கைத்தறியில் புதிதாக வாங்கினால் இந்தச் சோதனையில் முதலில் தோற்கும். கஞ்சியும் பருத்தியின் இயற்கை எண்ணெய்ப் பசையும் போக நாலைந்து தடவை தோய்க்க வேண்டும். தோய்க்கத் தோய்க்க உறிஞ்சும் தன்மை கூடும். இந்த வேலையை வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே முடித்துவிடுவது நல்லது.

பழந்துணி என்றதும் ஒரு விசயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் வாசிக்க நேரம் இருந்தால் இந்தப் பகுதியை வாசியுங்கள்.

அலுமாரிக்குள் வெள்ளை நிறப் பூச்சி உருண்டை போட்டு வைத்த சாறி, சாறம், பெரிய பிள்ளையின் பழைய நெப்பி எதையும் பிறந்த பிள்ளைக்குப் பயன்படுத்த வேண்டாம். அந்த உருண்டைகளில் இருப்பது பெரும்பாலும் நப்தலீன். அதன் ஆவி துணியில் ஏறி நிற்கும். அங்கிருந்து பிள்ளையின் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும், உடம்பில் எண்ணெய் பூசியிருந்தால் இன்னும் எளிதாகப் போகும். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள பிள்ளைகளுக்கு இது சிவப்பணுக்களை உடைத்துக் கடும் மஞ்சள் காமாலையை உண்டாக்கும். காமாலை மிதமிஞ்சினால் மூளையைப் பாதிக்கும். மலேரியா நீண்டகாலம் இருந்த பிரதேசங்களில் இந்தக் குறைபாடு கூடுதலாகக் காணப்படுகிறது, ஆண் பிள்ளைகளில் இன்னும் அதிகம். இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடு என்று சான்று பெற்றுவிட்டது, ஆனால் பரம்பரையாக வருவது சான்றிதழைப் பார்த்துப் போய்விடாது. உங்கள் பிள்ளைக்கு அந்தக் குறைபாடு இருக்கிறதா என்று பிறந்த அன்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை. கற்பூரத்துக்கும் இதே எச்சரிக்கைதான். ஒரு தடவை தோய்த்தால் மணம் போய்விடும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். வேறு துணி தேடுங்கள். பிள்ளையின் மஞ்சள் நிறம் முதல் நாளிலேயே தெரிந்தாலும், கால்வரை இறங்கினாலும், பிள்ளை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அடுத்தது தண்ணீர். நம் வீடுகளில் பாதிச் சிக்கல் கிணற்றில்தான் இருக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் உள்ள ஊர்களில் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் கடினம், சில இடங்களில் காவி. கடினத் தண்ணீரில் கட்டிச் சவர்க்காரம் போட்டால் நுரை வராது, வெள்ளைத் திரைதான் வரும். அந்தத் திரை துணி இழைகளில் படிந்து, நாளாக ஆக உறிஞ்சும் தன்மையைக் குறைக்கும். மூத்திர மணத்தையும் உள்ளே பூட்டி வைக்கும். காய்ந்த துணியில் மணமே இருக்காது, பிள்ளை நனைத்ததும் மூக்கைத் துளைக்கும். இதற்கு இன்னும் கொஞ்சம் சவர்க்காரம் தேய்ப்பது எரிகிற நெருப்பில் எண்ணெய் விடுவது போல. கட்டிச் சவர்க்காரத்தை விட்டுச் சலவைத்தூளுக்கு மாறுங்கள். அளவாகப் போடுங்கள், பிறகு நுரை போகும்வரை அலசுங்கள். குழாய்த் தண்ணீர் வரும் வீடாக இருந்தால் கடைசி அலசலையாவது அதில் செய்யலாம்.

காவித் தண்ணீரில் வேறு ஒரு பொறி இருக்கிறது. வெள்ளைத் துணி மஞ்சளாகிறதே என்று குளோரின் ப்ளீச் ஊற்றுவார்கள். தண்ணீரில் உள்ள இரும்போடு ப்ளீச் சேர்ந்தால் கறை இன்னும் ஆழமாகப் பிடிக்கும். தேசிக்காய்ப் புளி கலந்த தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, நன்றாக அலசி வெயிலில் போடுவது பலன் தரும். ஒரே வாளியில் ப்ளீச்சையும் தேசிக்காயையும் மட்டும் கலந்துவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

மென்மையாக்கும் திரவம் வேண்டாம். அது துணியில் மெழுகு போல் படிந்து உறிஞ்சுவதைத் தடுக்கும். கச்சானில் காய்ந்த துணி மொரமொரப்பாக இருந்தால் கையால் கசக்கிவிட்டால் போதும். ஒவ்வொரு தோய்ப்புக்கும் கிருமிநாசினி ஊற்றுவதும் வேண்டாத வேலை, சரியாக அலசாவிட்டால் தோல் எரியும். பேபி கொலோனைத் துணியில் தெளிப்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, விருந்தாளிகளுக்காகத் தெளிப்பது என்றால் விருந்தாளிகள் மேல் தெளிக்கலாம்.

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளையின் மலம் தண்ணீரில் கரையும். அழுக்குத் துணியை முதலில் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். நேரே சுடுதண்ணீரில் போட்டால் கறை பிடித்துவிடும். அலசிய பிறகு சூடான தண்ணீரில் சலவைத்தூள் போட்டுத் தோய்க்கலாம். இதில் பலரும் கவனிக்காதது, முதல் அலசிய தண்ணீர் எங்கே போகிறது என்பது. சின்னப்பிள்ளையின் மலம்தானே, அதில் என்ன இருக்கிறது என்று கிணற்றடியிலேயே அலசி ஊற்றுவார்கள். கைக்குழந்தையின் மலத்திலும் நோய்க்கிருமி இருக்கும். நம் கரையோரம் மணல் நிலம், நிலத்தடி நீரும் ஆழத்தில் இல்லை. கிணற்றடியில் ஊற்றியது மறுபடி வாளியில் ஏறி வர அதிக காலம் எடுக்காது. முதல் அலசல் தண்ணீரை மலசலகூடத்தில் ஊற்றிவிடுங்கள்.

ஊறவைப்பதற்கும் ஓர் அளவு உண்டு. இரவு போட்டதைக் காலையில் தோய்க்கலாம். இரண்டு மூன்று நாள் ஊறினால் மணம் ஏறும், நெப்பிக்கு மேல் போடும் நீர் கசியாத கவரின் ரப்பர் நாடா தளரும். வீட்டில் தவழும் பிள்ளையோ நடை பழகும் பிள்ளையோ இருந்தால், தண்ணீர் நிறைந்த வாளி உயிராபத்து. மூடி உள்ள வாளியாகப் பாருங்கள், அதையும் கதவு பூட்டிய இடத்தில் வையுங்கள்.

காயவைக்கும் இடத்தில் முருங்கை மரம் நிற்கிறதா என்று பாருங்கள். மழை தொடங்கியதும் மரத்தில் மயிர்க்கொட்டி மொய்க்கும். கீழே கொடி கட்டினால் அதன் மயிர் துணியில் ஒட்டி, பிள்ளையின் தோல் தடித்துவிடும். எறும்பு ஏறும் மரத்தில் கட்டிய கொடியும் கூடாது. மம்மலுக்கு முன் பிள்ளையின் துணியை எடுத்துவிட வேண்டும் என்று மூத்தவர்கள் சொல்வதற்குப் பேய்க்கதை ஒன்று இருக்கும். கதையை நம்பினாலும் நம்பாவிட்டாலும் துணியை எடுத்துவிடுங்கள், பனி இறங்கினால் பகல் முழுக்கக் காய்ந்தது வீணாகிவிடும். மழை நாட்களில் வீட்டுக்குள் கொடி கட்டி மின்விசிறி போடலாம். அரை ஈரத்தில் உள்ள பருத்தித் துணியை அயன் பண்ணியும் முடிக்கலாம். பிளாஸ்டிக் படலம் ஒட்டிய கவரை அயன் பண்ணக்கூடாது, கடும் வெயிலிலும் நாள் முழுக்கப் போடக்கூடாது. ஒவ்வொரு தடவையும் அதை மாற்றவும் தேவையில்லை. மலம் படவில்லை என்றால் துடைத்து, காற்றாட விட்டு மறுபடி போடலாம். நாலைந்து கவர் போதும்.

கட்டும்போது தொப்புளைப் பாருங்கள். தொப்புள்கொடி விழும்வரை துணியின் மேல் ஓரம் தொப்புளுக்குக் கீழே நிற்க வேண்டும். மூத்திரம் பட்டு ஈரமாக இருந்தால் தொற்று வரலாம். இடுப்பில் இரண்டு விரல் நுழையும் தளர்வு வேண்டும். சேப்டி பின் குத்தினால் உங்கள் விரலை உள்ளே வைத்துக் குத்துங்கள், குத்துவதானால் உங்களுக்குக் குத்தட்டும். இரண்டு காலையும் நேராக நீட்டி இறுக்கிச் சுற்றும் பழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. அது இடுப்பு மூட்டுக்கு நல்லதல்ல. கால்கள் தவளைக் காலாக மடிந்து விரிய இடம் விடுங்கள்.

ஏணையில் கிடத்தும்போது நனையாமல் இருக்கட்டும் என்று ரப்பர் சீட்டையோ பொலித்தீனையோ உள்ளே போடுவது ஆபத்து. பிள்ளை சரிந்தால் அது முகத்தை மூடும். நனைந்தால் நனையட்டும், சாறியைத் தோய்க்கலாம்.

பகலில் வீட்டில் இருக்கும் நேரம் முழுக்க நெப்பி கட்டியே ஆக வேண்டும் என்றும் இல்லை. நம் வெக்கையில் இடையிடையே துணி விரிப்பில் வெறுமனே கிடத்தினால் தோலுக்குக் காற்றுப் படும், தோய்ப்பதும் குறையும். அதேபோல, இரவுக்கோ கிளினிக் போகும் நாளுக்கோ பம்பர்ஸ் போட்டால் துணி நெப்பி தோற்றுவிட்டது என்று நினைக்காதீர்கள். 2022இல் பொருட்களின் விலை ஏறிய நாட்களில் பல வீடுகள் இப்படிக் கலந்துதான் சமாளித்தன. இன்றைக்கும் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பயன்படுத்திய பம்பர்ஸை வாவியோரம் வீசாமல் இருந்தால் சரி.

துணி நெப்பியில் ஒரு நன்மை உண்டு, பம்பர்ஸ் மறைப்பதை அது காட்டும். முதல் இரண்டு மூன்று நாள் கருமையாக, தார் போல ஒட்டும் மலம் வரும். நல்ல துணியைக் கறையாக்காமல், வீசக்கூடிய பழந்துணித் துண்டு ஒன்றை மேலே வையுங்கள். பிறகு பச்சையாகி மஞ்சளாகும். முதல் நாட்களில் செங்கல் பொடி போன்ற இளஞ்சிவப்புக் கறை தெரியலாம். நாலாம் நாளுக்குப் பிறகும் அது தொடர்ந்தால் பால் போதவில்லை என்று அர்த்தமாகலாம், மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொல்லுங்கள். பெண் பிள்ளைக்கு முதல் வாரத்தில் துளி இரத்தம் படுவது தாயின் ஹோர்மோனால் வருவது, பயப்பட வேண்டாம். மலம் சாம்பலாக, வெண்களிமண் நிறத்தில் இருந்தால் மட்டும் நாள் கடத்த வேண்டாம். அது பித்தக் குழாய் அடைப்பின் அறிகுறியாக இருக்கலாம். துணியோடு எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் காட்டுங்கள்.

தோல் சிவந்தால் முதலில் மாற்றும் இடைவெளியைக் குறையுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஈரத்தில் விட வேண்டாம், பிளாஸ்டிக் கவரையும் சில நாள் தள்ளி வையுங்கள். பவுடர் கொட்டாதீர்கள், அந்தத் தூசு பிள்ளையின் நுரையீரலுக்குப் போகும். களிம்பு பூசினால் நெப்பிக்கு மேல் மெல்லிய துணித் துண்டு ஒன்றை வையுங்கள், இல்லாவிட்டால் களிம்பு நெப்பியில் படிந்து தண்ணீர் ஏறாமல் செய்யும். சிவப்பு தொடை மடிப்புக்குள்ளும் இருந்து, சுற்றிவரச் சின்னச் சின்னப் புள்ளிகளும் தெரிந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம். அதற்கு மருந்து வேறு, கிளினிக்கில் காட்ட வேண்டும். அந்த நாட்களில் நெப்பிகளை முடிந்தவரை சூடான தண்ணீரில் தோய்த்து, ஈரம் துளியும் இல்லாமல் காயவைத்தே கட்டுங்கள்.