வேலை தேடும் நாட்களுக்கு ஒரு நோட்டு: ஆரம்பிப்பவர்களுக்குப் படிப்படியாக

பி.காம். முடித்த கையோடு 2018 ஜூனில் வேலை தேட ஆரம்பித்தேன். ஊர் பொள்ளாச்சி, தேடியது கோயம்புத்தூரில். வேலை கிடைக்க ஐந்தரை மாதம் ஆனது. அதில் முதல் இரண்டு மாதம் வீண். கண்ணில் பட்ட விளம்பரத்துக்கெல்லாம் ரெசியூம் அனுப்பிவிட்டு, எங்கே அனுப்பினோம் என்பதையே மறந்துவிடுவேன்.

ஒரு நாள் உக்கடம் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. "அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் வேலைக்கு அப்ளை பண்ணியிருந்தீங்களே, பேசலாமா?" என்றார் ஒரு அம்மா. "எந்தக் கம்பெனிங்க மேடம்?" என்று கேட்டேன். "எங்கே அப்ளை பண்ணீங்கன்னே தெரியாதா?" என்றார். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. அன்று சாயங்காலம் ஒரு 100 பக்க நோட்டு வாங்கினேன். இங்கே சொல்லப்போவது எல்லாம் அந்த நோட்டிலிருந்து கற்றதுதான். நான் கணக்கு வேலை தேடியவன், அதனால் உதாரணங்களும் அதிலிருந்தே வரும். உங்கள் துறைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 1: நோட்டில் ஏழு கட்டம் போடுங்கள்

தேதி, கம்பெனி, என்ன வேலை, எங்கே பார்த்தது, எந்த ரெசியூம் அனுப்பியது, யாரிடம் பேசியது, அடுத்து என்ன. கம்ப்யூட்டரில் எக்செல் ஷீட் போட்டாலும் சரிதான். ஆனால் பஸ்ஸில் நிற்கும்போது போன் வந்தால் சட்டென்று புரட்ட நோட்டுதான் எனக்கு வசதியாக இருந்தது.

என் நோட்டில் ஒரு வரி இப்படி இருக்கும்: "ஆகஸ்ட் 9, கணபதியில் பம்ப் உதிரி பாகம் செய்யும் கம்பெனி, அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட், நௌக்ரி, ரெசியூம் 1, இன்னும் பேசவில்லை, ஆகஸ்ட் 22 காலை 11 மணிக்கு போன்." (கணபதி கோயம்புத்தூரில் ஒரு பகுதி, நௌக்ரி வேலை தேடும் இணையதளம்.)

இதில் உயிரான கட்டம் கடைசிக் கட்டம். அதை ஒருபோதும் காலியாக விடாதீர்கள். போன் செய்ய வேண்டுமா, மெயில் போட வேண்டுமா, நேரில் போக வேண்டுமா என்பதைத் தேதியோடு எழுதுங்கள். இரண்டு முறை கேட்டும் பதில் இல்லையென்றால் "முடிந்தது" என்று எழுதி அந்த வரியை அடித்துவிடுங்கள். பதில் வராத இடத்தை மனதில் சுமந்துகொண்டிருப்பதுதான் தேடலில் ஆளை அதிகம் சோர்வாக்குவது. அடித்த வரி அந்தச் சுமையைக் கொஞ்சம் இறக்கிவைக்கும்.

படி 2: ரெசியூம் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்

எல்லா இடத்துக்கும் ஒரே ரெசியூமை அனுப்பாதீர்கள். தொழிற்சாலைக் கணக்குப் பிரிவுக்கு ஒன்று வைத்திருந்தேன். அதில் டேலி (கணக்கு எழுதும் சாஃப்ட்வேர்), பர்ச்சேஸ் பில், ஸ்டாக் எல்லாம் மேலே வரும். ஆடிட்டர் ஆபீசுக்கு இன்னொன்று. அதில் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், டி.டி.எஸ். (பணம் கொடுக்கும்போதே பிடித்துக் கட்டும் வரி), பேங்க் ரெகன்சிலியேஷன் (நம் கணக்கையும் பேங்க் கணக்கையும் ஒப்பிட்டுச் சரிபார்ப்பது) மேலே வரும். தெரிந்த விஷயங்கள் ஒன்றுதான், வரிசைதான் மாறும். தெரியாததை எழுதவே வேண்டாம், டேலியைத் திறந்து ஒரு என்ட்ரி போடச் சொல்லிவிட்டால் மாட்டிக்கொள்வீர்கள்.

ஃபைலுக்கு உங்கள் பெயரையும் வேலையின் பெயரையும் வைத்து, பி.டி.எஃப். ஆகச் சேமியுங்கள். மார்க் ஷீட், டிகிரி சர்டிபிகேட் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து மெயிலில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: தேடும் இடங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

நௌக்ரி, லிங்க்டுஇன் போன்றவற்றைக் காலையில் ஒரு மணி நேரம் பார்த்தால் போதும். நௌக்ரியில் சமீபத்தில் யார் ஆக்டிவாக இருந்தார்கள் என்று பார்த்து வடிகட்டும் வசதி கம்பெனிக்காரர்களுக்கு உண்டு. அதனால் வாரம் ஒரு முறையாவது உள்ளே போய் ஏதாவது ஒரு வரியைத் திருத்தி வையுங்கள்.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைப்பதையும் விட்டுவிடாதீர்கள். இப்போது ஆன்லைனிலேயே பதியலாம். 3 வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், அந்தத் தேதியை நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள். அந்த அலுவலகங்கள் தனியார் கம்பெனிகளை வரவழைத்து முகாம்களும் நடத்துகின்றன. பெரிய வேலை கிடைக்காவிட்டாலும், ஒரே நாளில் நாலு பேரிடம் இன்டர்வியூ பேசிப் பழக அதைவிட நல்ல இடம் கிடையாது.

கன்சல்டன்சி என்று சொல்லி டெபாசிட் கேட்டால், ரெஜிஸ்ட்ரேஷன் கட்டணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அசல் சர்டிபிகேட்டை யார் கேட்டாலும் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், அங்கேயே விட்டுவிட்டு வராதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு பையன் பணமும் கொடுத்து, சர்டிபிகேட்டையும் கொடுத்துவிட்டு, அதைத் திரும்ப வாங்க இரண்டு மாதம் அலைந்தான். நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

படி 4: எப்போது போன் செய்வது என்று தெரிந்து செய்யுங்கள்

இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கணக்குப் பிரிவில் மாதம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. வழக்கமாக 7-ஆம் தேதி டி.டி.எஸ். கட்ட வேண்டும், 11-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்-1 (விற்பனை விவரம் காட்டும் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன்), 20-ஆம் தேதிக்குள் 3பி (வரியைக் கட்டும் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன்). அந்த நாட்களில் போன் செய்து "சார், என் ரெசியூம் பார்த்தீங்களா?" என்று கேட்டால் எரிச்சல்தான் வரும். ஆடிட்டர் ஆபீஸ் என்றால் ஜூலையும் செப்டம்பரும் மூச்சுவிட நேரம் இருக்காது. ஆள் தேவைப்படுவது அதற்கு முன்னால்.

மேலே சொன்ன கணபதி கம்பெனிக்கு 22-ஆம் தேதி என்று எழுதியிருந்தது அதனால்தான். அன்று கூப்பிட்டபோது மேனேஜர் நிதானமாகப் பேசினார். வேலை இல்லை என்றாலும், ஈ-வே பில் (சரக்கு அனுப்பும்போது ஆன்லைனில் எடுக்கும் சீட்டு) போடக் கற்றுக்கொள் என்று சொன்னவர் அவர்தான். உங்கள் துறையிலும் இப்படி ஒரு நெருக்கடிக் காலம் இருக்கும். அங்கே வேலை செய்யும் ஒருவரிடம் விசாரித்து நோட்டில் குறித்துவிடுங்கள்.

படி 5: கிழித்த காலண்டர் தாளில் மூன்று வேலை

சோர்வைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. காலையில் எழுந்ததும் போனைப் பார்ப்போம், ஒன்றும் வந்திருக்காது, அதோடு அந்த நாளே போய்விடும். கல்யாண வீட்டுக்குப் போனால் அத்தை, "என்ன கண்ணு, வேலை ஆச்சா?" என்பார். அன்பாகத்தான் கேட்கிறார், ஆனால் சோறு இறங்காது.

வீட்டில் தினசரி காலண்டர் இருக்கும் இல்லையா, காலையில் தாளைக் கிழித்ததும் அதன் பின்பக்கத்தில் மூன்று வேலை எழுதுவேன். "இரண்டு இடத்துக்கு அப்ளை", "ராம்நகர் ஆபீசுக்கு போன்", "எக்செல்லில் விலுக்அப் பழகுவது". மூன்றுமே நான் நினைத்தால் முடிப்பவை. "இன்டர்வியூ கால் வாங்குவது" என்று எழுதக் கூடாது, அது அடுத்தவர் கையில் இருப்பது. மூன்றும் முடிந்தால் அன்றைய கணக்கு முடிந்தது, அப்புறம் குற்ற உணர்ச்சி இல்லாமல் கிரிக்கெட் ஆடப் போகலாம். மதியத்துக்குள் முடித்துவிடப் பாருங்கள்.

அந்தத் தாள்களை ஒரு கிளிப்பில் சேர்த்து வைத்திருந்தேன். இன்டர்வியூவில் கடைசி ரவுண்டு வரை போய்த் திரும்பிய ஒரு நாள், அந்தக் கட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். விரல் தடிமனுக்கு இருந்தது. நான் சும்மா இருக்கவில்லை என்று எனக்கே காட்ட அது ஒன்றுதான் இருந்தது.

படி 6: ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒருவரிடம் நோட்டைக் காட்டுங்கள்

அப்பா தேங்காய் மண்டியில் வேலை பார்த்தவர். தினமும் ராத்திரி "என்ன ஆச்சு?" என்பார், நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டை அவர் முன்னால் விரித்து வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். அடித்த வரிகளையும் விடாமல் படித்தார். அன்றிலிருந்து தினமும் கேட்பதை நிறுத்திவிட்டார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் நோட்டைக் கேட்பார்.

மூன்றாவது ஞாயிறோ நாலாவதோ, "இந்த ஆடிட்டர் ஆபீஸ் வேலையெல்லாம் என்னப்பா பண்ணணும்?" என்றார். சொன்னேன். "எங்க மண்டிக் கணக்கைப் பார்க்கிற ஆடிட்டர்கிட்ட ஆள் வேணுமான்னு கேட்கட்டுமா?" என்றார். அதுவரை நான் என்ன வேலை தேடுகிறேன் என்று அவருக்கே சரியாகத் தெரியாது. அப்புறம் எப்படி அவர் யாரிடமும் கேட்பார்? அந்த ஆடிட்டர் ஆபீசில் ஒரு வாரம் வேலை பார்க்கச் சொல்லிச் சோதித்துவிட்டு, நவம்பர் நடுவில் சேர்த்துக்கொண்டார்கள்.

படி 7: வேலை கிடைத்த அன்று

ஆஃபர் லெட்டர் எழுத்தில் வரும்வரை மற்ற வரிகளை அடிக்காதீர்கள். வந்த பிறகு, இன்னும் பேச்சில் இருக்கும் கம்பெனிகளுக்கு ஒரு போன் செய்து, வேறு இடத்தில் சேர்ந்துவிட்டதாகச் சொல்லுங்கள். நானும் கணபதி மேனேஜருக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். "ஈ-வே பில் கத்துக்கிட்டியா?" என்று முதலில் கேட்டார்.