ப்ராசசர் ஏர் கூலரைச் சோதிக்கிறவர்கள் சறுக்கும் இடங்கள்

கணினி ப்ராசசரின் சூட்டைத் தணிக்கும் கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் மாட்டுவது, ஃபேனைத் திருப்பிப் பொருத்துவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை ஒரு தடவை நடந்தால் ஜென்மத்துக்கும் மறக்காது. எல்லாவற்றையும் ஒழுங்காக மாட்டி, அரை நாள் உட்கார்ந்து சோதித்து, அழகாக அட்டவணையும் போட்டு, கடைசியில் தப்பான முடிவுக்கு வருகிறார்களே, அவர்களுக்காகத்தான் இது. எங்கள் காலத்தில் நாங்கள் சறுக்கிய அதே இடங்களில்தான் இன்றைக்கும் சறுக்குகிறார்கள்.

வெப்பநிலையை மட்டும் பார்ப்பது

இதைத்தான் இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அண்மையில் நண்பர் ஒருவர் மூன்று கூலர்களை ஒப்பிட்டு அட்டவணை அனுப்பினார். ப்ராசசர் ஏஎம்டியின் ரைசன் 9 7950எக்ஸ். மூன்றுக்கு நேராகவும் 95 டிகிரி. "மூணும் ஒண்ணுதான், இருக்கிறதுல விலை கம்மியானதை வாங்குங்க" என்று கீழே தீர்ப்பு வேறு.

அந்த ப்ராசசரின் சுபாவமே அதுதான். எல்லாக் கோர்களுக்கும் (உள்ளே கணக்குப் போடும் பகுதிகள்) வேலை கொடுத்தால் 95 டிகிரியைத் தொடும்வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். தொட்டதும் அங்கேயே நின்று, வேகத்தையும் மின்சாரத்தையும் குறைத்துச் சமாளிக்கும். நல்ல கூலர் போட்டால் முதலில் கூடுவது வாட். 230 வாட் என்ற உச்ச வரம்பு குறுக்கே வந்த பிறகுதான் வெப்பநிலை இறங்கும்.

பதிவுக் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பேக்கேஜ் பவர் (ப்ராசசர் மொத்தமாக இழுக்கும் வாட்) என்ற பத்தியில் ஒரு கூலருக்கு 190ஐ ஒட்டியும் இன்னொன்றுக்கு 220ஐ ஒட்டியும் எண்கள் வரிசையாக நின்றன. விடை கையிலேயே இருந்திருக்கிறது. தேவையில்லாத பத்தி என்று அதைத்தான் நீக்கிவிட்டு அட்டவணை போட்டிருக்கிறார்! அதற்குள் அவர் பேச்சை நம்பி ஒருவர் அருமையான கூலரைத் திருப்பியும் அனுப்பிவிட்டார்.

இன்டெல்லில் கூத்து வேறு விதம். ஐ7-12700க்கு அடிப்படை 65 வாட், வேகத்தைக் கூட்டி ஓடும் டர்போவில் 180 வாட். டர்போவுக்கு நேர வரம்பு உண்டு, அது தீர்ந்ததும் 65க்கு இறங்கும். ஆனால் சில மதர்போர்டுகள் அந்த வரம்பையே எடுத்துவிடுகின்றன. ஒருவர் 65 வாட்டில் ஓட்டிய கூலரையும் மற்றவர் 180 வாட்டில் ஓட்டிய கூலரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது குளிர்ச்சி என்று சண்டை போடுகிறார்கள்.

இரண்டில் ஒன்று செய்யுங்கள். மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் எல்லாக் கூலருக்கும் ஒரே மின்வரம்பை, உதாரணத்துக்கு 150 வாட், பூட்டிவிட்டு வெப்பநிலையை ஒப்பிடுங்கள். இல்லையென்றால் வெப்பநிலை உச்சத்திலேயே நிற்கட்டும் என்று விட்டுவிட்டு, எந்தக் கூலர் எத்தனை வாட் தாங்குகிறது என்று பாருங்கள். வாட் குறிப்பிடாத வெப்பநிலை அட்டவணையை நான் படிப்பதே இல்லை.

அறை வெப்பநிலை

ப்ராசசரின் வெப்பநிலையிலிருந்து அதைக் கழித்துவிட்டு எழுதுங்கள். காலையில் ஒன்றையும் நண்பகலில் ஒன்றையும் சோதித்தால் அறையின் சூடு கூலரின் தலையில் விழும். அளக்க வேண்டியது ஹீட்சிங்க்குக்குள், அதாவது கூலரின் உலோகத் தகடுகளுக்குள், நுழையும் காற்றை.

ஃபேனை முழு வேகத்தில் விடுவது

2000 ஆர்பிஎம்மில் அலறவிட்டால் சுமாரான ஹீட்சிங்க்கும் ஜெயித்துவிடும். அந்தச் சத்தத்தோடு யார் உட்கார்ந்திருப்பார்கள்? எல்லாக் கூலர்களையும் ஒரே டெசிபலுக்குக் கொண்டுவந்து ஒரு சுற்று ஓட்டினால் பல வரிசைகள் தலைகீழாகும். அடுத்தவர் அளந்த டெசிபலோடு உங்களுடையதை ஒப்பிடாதீர்கள். எதிரொலி இல்லாத இடத்தில் மைக்கை இரு மடங்கு தூரம் தள்ளினாலே 6 டெசிபல் குறைந்துவிடும். மோட்டாரின் ஙொய் என்ற இரைச்சல் டெசிபலில் பிடிபடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்குக் காதுதான் கருவி.

இரண்டு நிமிடச் சோதனை

போதாது. வரைபடத்தில் கோடு படுக்கும்வரை ஓடட்டும்.

பெட்டியில் அச்சிட்ட டிடிபி

கூலர் எத்தனை வாட் சூட்டைச் சமாளிக்கும் என்று நிறுவனமே போடும் எண் அது. அதற்குப் பொது அளவுகோலே கிடையாது. கண்டுகொள்ள வேண்டாம்.

ஒரு சாக்கெட்டில் பார்த்துவிட்டு எல்லாவற்றுக்கும் தீர்ப்பு

ப்ராசசர் உட்காரும் இடம்தான் சாக்கெட். ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டுக்கான பல ப்ராசசர்களில் சூடு பிறக்கும் கோர் சில்லுகள் நடு மையத்தில் இல்லை, ஒரு பக்கமாகத் தள்ளி இருக்கின்றன. கூலர் நிறுவனமான நாக்டுவா தன் கூலர்களை 7 மி.மீ. நகர்த்தி மாட்டத் தனிப் பட்டைகள் விற்பது இதற்காகத்தான். இன்டெல்லின் எல்ஜிஏ1700இல் சாக்கெட்டின் பூட்டு அழுத்துவதால் ப்ராசசரின் மேல்மூடி லேசாக வளைந்து நடுவில் குழிகிறது. அங்கே கூலரின் அடித்தட்டு நடுவில் கொஞ்சம் புடைத்திருந்தால் நன்றாகப் படியும். ஆகவே இங்கே தோற்ற கூலர் அங்கே ஜெயிக்கலாம். சோதனை முடிந்ததும் கூலரைக் கழற்றி, தெர்மல் பேஸ்ட் (ப்ராசசருக்கும் கூலருக்கும் நடுவே சூட்டைக் கடத்தத் தடவும் பசை) பதிந்திருக்கும் தடத்தைப் படம் எடுத்து வையுங்கள். பேஸ்ட் எங்கே தடித்து நிற்கிறதோ அங்கே தட்டு சரியாகத் தொடவில்லை.

உயரம்

ராம் உயரமாக இருந்து முன் ஃபேனை மேலே ஏற்றினால், 165 மி.மீ. கூலர் 165 மி.மீ.யில் நிற்காது. கேபினட்டின் பக்கக் கதவை மூடிப் பார்த்துவிட்டு "பொருந்தும்" என்று எழுதுங்கள்.