வரத்து அறிந்து காய்கறி வாங்குவது எப்படி?

சென்னைக்கு வேண்டிய காய்கறிகளில் பெரும்பகுதி வெளியூர்களிலிருந்துதான் கோயம்பேட்டில் வந்து இறங்குகிறது. ஆகவே ஒரு காயின் விலை ஏறுமா இறங்குமா என்று கணிக்க, இந்த மாதத்தில் அதை அனுப்பும் ஊர் எது, அங்கே இப்போது வெயிலா மழையா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பெரிய வெங்காயத்தில் இது நன்றாகப் புலப்படும். நாசிக் வட்டாரத்தில் மார்ச் முதல் மே வரை அறுவடையாகும் ரபி (குளிர்காலப் பருவ) வெங்காயம் இருப்பில் வைக்கப்பட்டு, செப்டம்பர், அக்டோபர் வரை விற்பனைக்கு வருகிறது. அந்த இருப்பு கரையும் வேளையில்தான் கர்நாடகத்திலிருந்தும் ஆந்திரத்தின் கர்னூல் பக்கமிருந்தும் காரிப் (மழைக்காலப் பருவ) வெங்காயம் வந்து சேர வேண்டும். அறுவடையின்போது அங்கே மழை பிடித்துக்கொண்டால் வெங்காயம் வயலிலேயே அழுகி, இங்கே விலை எகிறிவிடும். வாங்கும்போது வெங்காயத்தின் கழுத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். கழுத்து இறுகி, தோல் சருகாகக் காய்ந்திருந்தால் அது பழைய வெங்காயம். காற்றோட்டமான இடத்தில் பரப்பிச் சில வாரங்கள் வைத்துக்கொள்ளலாம். கழுத்து தடித்து ஈரமாக இருந்தால் புது வெங்காயம். அந்த வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள்.

தக்காளி கோலார், மதனப்பள்ளி, கிருஷ்ணகிரி வட்டாரங்களிலிருந்து வருகிறது. கடும் வெயிலில் பூ உதிர்ந்து காய்ப்பு குறைவதால் ஜூன், ஜூலையிலும், வடகிழக்குப் பருவமழை பலத்தால் நவம்பரிலும் வரத்து சரியலாம். 2023 ஜூலையில் விலை கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது, சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்குத் தக்காளி விற்க நேர்ந்தது. இத்தகைய வாரங்களில் குழம்பையும் ரசத்தையும் புளியை நம்பி வைப்பதே நல்லது. மழைக்காலத் தக்காளியில் காம்படி வெடித்திருந்தால் மறுநாள் தாங்காது.

திண்டுக்கல், தேனி, அரவக்குறிச்சி முருங்கைக்காய் கோடையில் மலிவு. மார்கழி, தையில் காய்ப்பு குறைந்து, குஜராத், மகாராஷ்டிரக் காயை எதிர்பார்க்கும் நிலை வருவதால், அப்போது மொச்சை, பச்சைப் பட்டாணி, காலிஃபிளவர் பக்கம் திரும்புவது பணத்துக்கும் ருசிக்கும் ஏற்றது.

கடைக்காரரிடம் விலை கேட்கும்போதே “இது எந்த ஊர்ச் சரக்கு?” என்றும் கேளுங்கள். புதிய ஊர்ச் சரக்கு வரத் தொடங்கிய வாரத்தில் மொத்தமாக வாங்க வேண்டாம். வரத்து கூடினால் விலை இறங்க வாய்ப்புண்டு.