அகராதி பார்த்தும் காலை வாரும் ஆங்கிலச் சொற்கள்

கடினமான ஆங்கிலச் சொல் ஒன்று கண்ணில் பட்டதும் அகராதியைத் திறக்கிறோம்; அதற்கு நேராக ஒரே ஒரு தமிழ்ச் சொல்லை நோட்டில் எழுதிக்கொள்கிறோம். சிக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது. 'நோட்டோரியஸ்' என்றால் 'பிரபலமான' என்று எழுதி வைத்தவர், மேடையில் ஒரு பேராசிரியரை அப்படி அறிமுகப்படுத்தினால் அவர் முகம் சுருங்கிப்போகும். கெட்ட பெயரால் பிரபலமானவர்களுக்கே அந்தச் சொல். பாராட்டா, ஏச்சா என்பதையும் அர்த்தத்தோடு சேர்த்தே குறித்துக்கொள்ள வேண்டும்.

வேர்ச்சொல்லைப் பிரித்தே அர்த்தம் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை இன்னொன்று. எனக்கும் வேர்ச்சொல் ஆராய்ச்சி பிடிக்கும். ஆனால் 'எக்ரீஜியஸ்' என்பதற்கு லத்தீன் வேரில் 'மந்தையிலிருந்து தனித்து நிற்பது' என்று பொருள். ஒரு காலத்தில் அது புகழ்மொழி. இன்றோ படுமோசமான தவறைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். வேர் ஞாபகம் வைத்துக்கொள்ள உதவும், அவ்வளவுதான்.

அப்புறம், எந்தச் சொல்லோடு எது சேரும் என்பதைக் கவனிக்காமல் விடுவது. என்னைக் கேட்டால் பெரிய தவறு இதுதான். 'காஸ்' (cause) என்றால் 'உண்டாக்கு' என்பது சரியே. ஆனால் அதன் பின்னால் பெரும்பாலும் சேதம், வலி, தாமதம் போன்றவைதான் வரும். நல்ல விஷயத்தோடு சேர்த்தால் இலக்கணம் தவறாது, ஆனாலும் காதில் இடறும். இதை வெறும் அர்த்தம் சொல்லித் தராது, எடுத்துக்காட்டு வாக்கியம்தான் காட்டும்.

அகராதியையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். தாய்மொழிக்காரர்களுக்கான அகராதியில் ஒரு சொல்லுக்கு அர்த்தம் தேடினால் அதைவிடக் கடினமான நாலு சொற்கள் வந்து நிற்கும். மொழி கற்பவர்களுக்கென்று 1978-இல் வந்த லாங்மன் அகராதி, சுமார் 2000 எளிய சொற்களைக் கொண்டே விளக்கங்களை எழுதியது. 1987-இல் வந்த கோபில்ட் அகராதி, சொல்லை முழு வாக்கியத்தில் வைத்தே விளக்கியது. இந்த வகை அகராதிகள்தான் நமக்குச் சரி.

ஒரே இரவில் ஐம்பது சொற்களை மனப்பாடம் செய்வதும் வீண். மறுநாள், அப்புறம் சில நாள் கழித்து, திரும்பப் பார்க்காவிட்டால் பாதிக்கு மேல் நிற்காது.

முதல் அர்த்தத்தைப் படித்ததும் அகராதியை மூடிவிடாதீர்கள். 'சேங்ஷன்' என்றால் அனுமதி. கடன் சேங்ஷன் ஆனது என்று நாமே சொல்கிறோம். அதை மட்டும் தெரிந்துகொண்டவர், ஒரு நாட்டின் மீது சேங்ஷன் என்று செய்தியில் படித்தால், தடையை அனுமதி என்று புரிந்துகொண்டு முழிக்க வேண்டியதுதான்.