இமயத்தில் குளிர்கால மலையேற்றம்: சமவெளிக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் பிறந்துவிட்டால் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் டேராடூனுக்குக் கிளம்புகிற கூட்டம் கூடிவிடுகிறது. அதில் பலரும் போவது உத்தரகாசி மாவட்டத்தில் இருக்கும் கேதார்காந்தாவுக்கு. டேராடூனிலிருந்து முசூரி, புரோலா, மோரி வழியாக ஏறக்குறைய 200 கிலோமீட்டர் போனால் சாங்க்ரி கிராமம். அங்கிருந்து நடை. நாலைந்து நாளில் 3,800 மீட்டர் உச்சியைத் தொட்டுவிட்டுத் திரும்பலாம். பனி நிறைய இருக்கும், பாதை அவ்வளவு கடினமில்லை, முதல்முறை போகிறவர்களும் ஏறலாம் என்று சொல்லித்தான் எல்லோரும் இந்த மலையைப் பரிந்துரைக்கிறார்கள். சொல்வது சரிதான். ஆனால் அதைக் கேட்டுவிட்டு, தயாராகாமலே ஏறலாம் என்று நாம் புரிந்துகொள்கிறோம். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

ஜனவரி இரவிலும் சென்னையில் 18 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். குளிர் என்றால் நமக்குத் தெரிந்ததெல்லாம் போர்த்திக்கொள்வதுதான். அதனால் மலைக்குப் போகும்போதும் தடிமனான உடையாகத் தேடி வாங்குகிறோம். அந்த உடை நமக்குச் சூடு தரும் என்ற நினைப்பு. எந்த உடையும் சூடு தராது. சூட்டை உண்டாக்குவது உடம்பு மட்டும்தான். தின்ற சோற்றையும் குடித்த நீரையும் வைத்துத்தான் அது உண்டாக்குகிறது. அந்தச் சூடு வெளியே போகாமல் பிடித்துவைப்பது உடையின் வேலை. குளிர்மலையில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றை மறப்பதால் வருபவை: இருக்கிற சூட்டை வீணாக்குகிறோம், அல்லது உடம்பு சூடு தயாரிக்க வழியில்லாமல் செய்துவிடுகிறோம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். குளிர் ஆபத்து டிசம்பருக்கு மட்டும் உரியதல்ல. 2024 ஜூன் தொடக்கத்தில், அதே உத்தரகாண்டில், சஹஸ்திர தால் ஏரிப் பாதையில் பெரும்பாலும் கர்நாடகத்தவர் இருந்த 22 பேர் குழு திடீர்ப் பனிப்புயலில் சிக்கியது. 9 பேர் உயிரிழந்தார்கள். நம் ஊரில் கத்திரி வெயில் முடிந்த கையோடு வரும் நாட்கள் அவை. நாலாயிரம் மீட்டருக்கு மேலே மாதத்தை நம்ப முடியாது.

வியர்வையும் பருத்தியும்

முதல் நாள் காலை சாங்க்ரியில் கிளம்பும்போது குளிரும். தெர்மல் என்கிற குளிர்கால உள்ளுடை, அதன்மேல் ஸ்வெட்டர், அதன்மேல் இறகு அடைத்த டவுன் ஜாக்கெட், தலையில் குரங்குக் குல்லா என்று எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு ஏறத் தொடங்குவார்கள். அரை மணி நேரத்தில் உள்ளே வியர்த்துக் கொட்டும். வியர்த்தால் என்ன, குளிருக்கு இதம்தானே என்று கழற்றாமல் நடப்பார்கள். பிறகு டீ குடிக்க ஓரிடத்தில் உட்காருவார்கள். உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் முதுகு சில்லிட ஆரம்பிக்கும்.

காற்றைவிட நீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்ளும். பனியன் நனைந்துவிட்டால் அதன்மேல் எவ்வளவு விலை உயர்ந்த ஜாக்கெட் போட்டாலும் பயன் குறைவு. இதில் மிக மோசமானது பருத்தி. நம் வெயிலுக்கு அதைப்போல நல்ல துணி கிடையாது, ஆனால் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு காயவே காயாது. ஜீன்ஸ் வேண்டாம் என்று எல்லாப் பட்டியலிலும் இருக்கும், அதைப் பலரும் கேட்கிறார்கள். உள்ளாடையை மறந்துவிடுகிறார்கள். தெர்மலுக்குள்ளே பருத்தி பனியன் போட்டால் தெர்மல் வாங்கிய காசு வீண். தோலைத் தொடுகிற துணி பாலியெஸ்டரோ மெரினோ கம்பளியோதான் இருக்க வேண்டும். உள்ளாடைக்கும் காலுறைக்கும் இது பொருந்தும்.

மூன்று அடுக்கு போதும். தோலை ஒட்டி வியர்வையை வெளியே கடத்தும் தெர்மல், நடுவில் சூட்டைப் பிடிக்கும் ஃப்லீஸ் என்கிற மெத்தென்ற துணிச் சட்டை, மேலே காற்றையும் ஈரத்தையும் தடுக்கும் ஜாக்கெட். டவுன் ஜாக்கெட் நடக்கும்போது போடுவதற்கு இல்லை, நிற்கும்போது போடுவதற்கு. அதன் இறகுகள் நனைந்தால் ஒட்டிச் சுருங்கிவிடும், சூட்டைப் பிடிக்கும் காற்று அதில் தங்காது. கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். பத்து நிமிடம் நடந்ததும் அந்தக் குளிர் போய்விடும். போகவில்லை என்றால் ஒன்றைப் போடுங்கள். வியர்த்தால் ஒன்றைக் கழற்றுங்கள். குழு நிற்கவில்லையே என்று கூச்சப்பட வேண்டாம். நல்ல வழிகாட்டி இதற்காகவே ஒருமுறை எல்லோரையும் நிறுத்துவார். ஓய்வுக்கு நின்றவுடன், குளிர் தெரிவதற்கு முன்பே, டவுன் ஜாக்கெட்டை மாட்டிவிட வேண்டும்.

என்னைக் கேட்டால், பையில் இருக்க வேண்டிய மிக முக்கியமான பொருள் ஒரு செட் காய்ந்த உடை. மேல் கீழ் தெர்மல், ஒரு ஜோடி தடித்த காலுறை. இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் கட்டி அடியில் வைத்துவிடுங்கள். அது தூங்குவதற்கு மட்டும். காலையில் முந்தைய நாள் உடை ஈரமாகச் சில்லென்று இருக்கும், இந்தக் காய்ந்ததையே போட்டுக்கொண்டு நடக்கலாமே என்று ஆசை வரும். கூடாது. அன்றைக்கும் அது நனைந்துவிட்டால் இரவுக்கு எதுவும் இல்லை.

காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். மைனஸ் 5 டிகிரியில் மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று அடித்தால் முகத்துக்கு அது மைனஸ் 14 போல இருக்கும். செல்போனில் வெப்பநிலையைப் பார்த்து, 'அவ்வளவுதானா' என்று மேல் ஜாக்கெட்டைக் கூடாரத்தில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

கையும் காலும்

குளிரும் என்று மூன்று காலுறைகளைப் போட்டு ஷூவுக்குள் காலைத் திணிப்பது தவறு. இறுகினால் ரத்த ஓட்டம் குறையும், விரல்தான் முதலில் மரத்துப்போகும். தடித்த காலுறையோடு போட்டுப் பார்த்து, விரலை அசைக்க இடம் இருக்கிற ஷூவாக வாங்குங்கள். ஒரு மாதம் முன்பே வாங்கி மொட்டை மாடிப் படியிலாவது ஏறி இறங்கிப் பழக்க வேண்டும். வெள்ளியங்கிரியில் வெறுங்காலில் ஏறியவர்களுக்குக் கால் வலு இருக்கும், அது பெரிய பலம். ஆனால் பனியில் புது ஷூ கடித்துப் புண்ணாவதை அந்த வலு தடுக்காது.

விரல் மரத்து வெளுத்துப்போனால் பனியை வைத்துத் தேய்க்கச் சொல்வார்கள். பழைய நம்பிக்கை, செய்யவே கூடாது. தேய்த்தால் உறைந்த தசை கிழியும். நெருப்பிலும் காட்டக் கூடாது, மரத்த விரலுக்குச் சுடுவது தெரியாது. லேசாக மரத்திருந்தால் அக்குளுக்குள் வைத்துச் சூடேற்றலாம். கெட்டியாக உறைந்து உணர்வே இல்லையென்றால் காய்ந்த துணியால் மூடி, கீழே மருத்துவரிடம் போவதுதான் வழி. பாதி வழியில் சூடேற்றி, அது மறுபடி உறைந்தால் சேதம் இன்னும் பெரிது.

கறுப்புக் கண்ணாடியை அழகுக்கு என்று நினைத்து விட்டுவிட்டு வராதீர்கள். புதுப்பனி, மேலேயிருந்து விழும் புறஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். ஒரு பகல் போதும், அன்றிரவு கண்ணில் மணல் போட்டதுபோல எரியும்.

இரவு

ஸ்லீப்பிங் பேக் மைனஸ் 10 வரை தாங்கும் என்று எழுதியிருந்தால், மைனஸ் 10-இல் நன்றாகத் தூங்கலாம் என்று பொருளில்லை. பல பைகளில் சௌகரியமாகத் தூங்கக்கூடிய அளவு ஒன்றும், ஒருவழியாகச் சமாளிக்கக்கூடிய எல்லை அளவு ஒன்றும் தனித்தனியாக இருக்கும். முதல் எண்ணைப் பாருங்கள். கேதார்காந்தா அடிவார முகாமில் மைனஸ் 10 வரை இறங்கும் இரவுகள் உண்டு. அடியில் விரிக்கும் பாயை, அதாவது மேட்டை, அலட்சியப்படுத்தக் கூடாது. மேலே எத்தனை போர்த்தினாலும், உறைந்த தரை கீழேயிருந்து சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும்.

தலையைப் பைக்குள் நுழைத்து உள்ளேயே மூச்சு விட்டால் அந்த ஈரம் உள்ளே படியும். மூக்கும் வாயும் வெளியே இருக்கட்டும். சிறுநீர் முட்டினால் எழுந்து போய்விடுங்கள். குளிருக்குப் பயந்து அடக்கிக்கொண்டு படுத்தால் தூக்கம்தான் கெடும். அதற்குப் பயந்து மாலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பது அதைவிடக் கெடுதல். வெந்நீர் நிரப்பிய பாட்டிலை இறுக மூடிப் பைக்குள் காலடியில் வைத்துக்கொண்டால் இரவுக்கு இதம், காலையில் உறையாத தண்ணீரும் கிடைக்கும். போனும் பவர் பேங்கும் ஹெட்லாம்ப் பேட்டரியும் உங்களோடு உள்ளேயே தூங்க வேண்டும்.

கூடாரத்துக்குள்ளோ மூடிய அறைக்குள்ளோ அடுப்பு, கணப்புக்கரி, கேஸ் ஹீட்டர் எதையும் எரிக்காதீர்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமனில் ஒரு விடுதி அறையில் கேஸ் ஹீட்டரோடு படுத்த கேரளத்தைச் சேர்ந்த 8 பேர், அதில் குழந்தைகளும் இருந்தார்கள், காலையில் எழவே இல்லை. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்குகிறவர்களை அது எழுப்பாது.

குளிருக்கு ஒரு பெக் ரம் என்ற யோசனையும் இந்த நேரத்தில்தான் வரும். மது தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்களை விரிக்கும். அதனால் கதகதப்பு தெரியும். அது உள்ளிருக்கும் சூடு வெளியேறும் உணர்வு.

சாப்பாடும் தண்ணீரும்

உயரத்தில் பசிக்காது, தாகமும் தெரியாது. ஆனால் வறண்ட குளிர்க்காற்றில் ஒவ்வொரு மூச்சிலும் உடம்பு நீரை இழக்கிறது. தினம் மூன்று நான்கு லிட்டராவது குடிக்க வேண்டும். குழாய் வைத்த தண்ணீர்ப் பைகளில் முதலில் உறைவது குழாய், அதனால் குளிர்காலத்துக்குப் பாட்டில்தான் நல்லது. பாட்டிலைத் தலைகீழாகச் செருகி வையுங்கள். நீர் மேலிருந்து உறையத் தொடங்கும் என்பதால் மூடிப்பக்கம் திறக்க வரும். சட்டைப் பையில் கடலை மிட்டாயோ எள்ளுருண்டையோ பேரீச்சையோ வைத்து, பசிக்காவிட்டாலும் மணிக்கு ஒருமுறை கொறியுங்கள். முகாமில் தரும் சோற்றையும் பருப்பையும் வேண்டாமென்று ஒதுக்கிவிட்டுப் படுப்பவர்தான் நடு இரவில் நடுங்குவார்.

உயர நோயை மறைக்காதீர்கள்

சாங்க்ரி 1,900 மீட்டரை ஒட்டி இருக்கிறது, ஊட்டியைவிடத் தாழ்வு. முதல் இரவு தங்கும் ஜூடா கா தாலாப், தமிழ்நாட்டின் உச்சியான 2,637 மீட்டர் தொட்டபெட்டாவையே தாண்டிவிடும். அடிவார முகாம் 3,400 மீட்டர் அளவில். சிகரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு, ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறைவு. கடற்கரை ஊரிலிருந்து நாலைந்து நாளில் இதைச் செய்கிறோம். 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. லீவு கிடைத்தால் சாங்க்ரியில் ஒரு நாள் கூடுதலாகத் தங்குங்கள். அந்த ஒரு நாளுக்குச் செலவழிக்கும் பணம், ஜாக்கெட்டுக்குச் செலவழிப்பதைவிடப் பயன் தரும்.

தலைவலி, குமட்டல், அசதி, தூக்கமின்மை. இவை உயர நோயின் அறிகுறிகள், வந்தால் வழிகாட்டியிடம் சொல்ல வேண்டும். நம்மவர்கள் சொல்வதில்லை. இவ்வளவு செலவு செய்து வந்தாயிற்று, இறக்கிவிடுவார்களோ என்ற பயம். வலி மாத்திரையைப் போட்டு மறைத்துக்கொண்டு அடுத்த முகாமுக்கு ஏறுவதுதான் நான் கேள்விப்படுகிற தவறுகளிலேயே ஆபத்தானது. லேசான தலைவலி என்றால் அதே இடத்தில் தங்கினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, குதிகாலும் விரலும் தொட்டுக்கொள்ளும்படி நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் தள்ளாடினாலோ, நுரையீரலையோ மூளையையோ பாதித்துவிட்டது என்று பொருள். விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கீழே இறக்க வேண்டும். உயர நோயைத் தடுக்கத் தரும் டயமாக்ஸ் மாத்திரையை நண்பர் சொன்னார் என்று போடக் கூடாது. கிளம்பும் முன் மருத்துவரைக் கேளுங்கள், சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் கட்டாயம் அதைச் சொல்லுங்கள்.

உடம்புச் சூடு 35 டிகிரிக்குக் கீழே போவதையும் பக்கத்தில் இருப்பவர்தான் கண்டுபிடிக்க முடியும். பேச்சு குழறும், ஜிப் போட வராது, சின்ன விஷயத்துக்கு எரிச்சல் வரும், பின்தங்கிக்கொண்டே போவார். கேட்டால் 'ஒன்றுமில்லை' என்பார். நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடேறாமலே நடுக்கத்தை நிறுத்தினால் நிலைமை முற்றிவிட்டது. காற்றுப் படாத இடத்துக்குக் கொண்டுபோய், ஈர உடையைக் கழற்றி, காய்ந்ததைப் போட்டு, அடியில் மேட் விரித்து, ஸ்லீப்பிங் பேக்குக்குள் படுக்க வைத்து, விழுங்க முடிந்தால் மட்டும் சர்க்கரை போட்ட சூடான பானம் கொடுங்கள். கைகாலைத் தேய்க்க வேண்டாம்.

சிகர நாள்

அதிகாலை மூன்று, நான்கு மணிக்குக் கிளப்புவார்கள். இரவில் பனி இறுகியிருக்கும், வெயில் ஏறினால் இளகி வழுக்கும். எத்தனை மணிக்குத் திரும்பியாக வேண்டும் என்பதை முந்தின இரவே வழிகாட்டியிடம் கேட்டுக்கொண்டு, அந்த நேரம் வந்தால் உச்சி கண்ணில் தெரிந்தாலும் திரும்புங்கள். சுவர்க்காரோஹிணி, பந்தர்பூஞ்ச் சிகரங்கள் தெரியும் அந்தக் காட்சிக்காகத்தான் இவ்வளவு தூரம் வருகிறோம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் மேலே நிற்கும்போது பாதி வேலைதான் முடிந்திருக்கும். அசதியில், கவனம் சிதறி, இறங்கும்போது விழுகிறவர்கள் அதிகம்.

இறங்கும்போது பனியில் உட்கார்ந்து சறுக்குவது பலருக்கும் கொண்டாட்டம். வழிகாட்டி காட்டிய சரிவில் மட்டும் செய்யுங்கள், பனிக்கடியில் பாறை இருக்கலாம். வழுக்காமலிருக்க ஷூவில் மாட்டும் முள்பட்டையான மைக்ரோஸ்பைக்ஸைக் கழற்றாமல் சறுக்கினால் அந்த முள் பனியில் மாட்டிக் கணுக்கால் திருகிவிடும். கால்சட்டையும் முழுக்க நனைந்துவிடும். முகாமுக்கு வந்ததும் அப்படியே சாப்பாட்டுக் கூடாரத்தில் போய் உட்காராதீர்கள். முதலில் உடை மாற்றுங்கள், அப்புறம் சாப்பாடு.