பட்டர் ஃப்ரூட் மரம் இலை கொட்டுனா உடனே மருந்தடிக்காதீங்க

கொடைக்கானல் கீழ்மலையில தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் பட்டர் ஃப்ரூட் பூ எடுக்கற சீசன் வந்தா போதும், "மரம் இலை கொட்டுது, என்ன மருந்து அடிக்கலாம்"னு ஆளாளுக்கு கேக்க ஆரம்பிச்சிருவாங்க. வருஷம் பூரா பச்சையா நிக்கிற மரம் இலையே கொட்டாதுன்னு நெனைக்கிறோம் பாருங்க, எல்லா தப்பும் அங்கதான் ஆரம்பிக்குது. பட்டர் ஃப்ரூட் இலைக்கு ஆயுசு ஏறக்குறைய ஒரு வருஷம்தான், பைன் ஊசி கூட சில வருஷத்துல விழுந்துரும், பழசு போகப் போக புதுசு வந்துட்டே இருக்கறதால மரம் மொட்டையா நிக்காது, அவ்வளவுதான்.

மருந்துக் கடைக்கு ஓடறதுக்கு முன்னாடி ஒரு கிளைய வளைச்சுப் பாருங்க. நுனி பச்சையா இருந்து, உள்பக்கம் இருக்கற வயசான இலை மட்டும் மஞ்சளாயிருந்தா கவலையே வேணாம். லேசா தட்டுனாலே காம்போட வந்துரும், அந்த எடத்துல சுத்தமான ஒரு தழும்பு இருக்கும், ஏன்னா மரமே காம்படியில மெல்லிசா ஒரு அடுக்கு உண்டாக்கி இலைய கழட்டி விடுது, அதுக்கு முன்னாடியே இலையில இருக்கற தழைச்சத்து மணிச்சத்துல கணிசமானத கிளைக்கு இழுத்துக்கும். நுனித்துளிர் சிறுத்து வெளிறி, உச்சிக் குச்சி காஞ்சுட்டே வந்தா அது வேற கதை, வேர பாக்கணும்.

இதுல ரொம்ப ஆபத்தான தப்பு, இலை கொட்டுதேன்னு தண்ணிய மேல மேல விடறது. பட்டர் ஃப்ரூட் வேருக்கு தண்ணி தேங்குனா ஆகவே ஆகாது, ஃபைட்டோப்தோராங்கற பூஞ்சை மாதிரியான கிருமியால வேரழுகல் வந்துரும், நல்லா இருந்த மரத்த நாமளே சாகடிச்ச மாதிரி ஆயிரும்.

அப்புறம் புதுத்துளிர் செம்பு கலர்ல தொங்கிட்டு வரும், அத நோய்னு நெனச்சு ஸ்ப்ரே பண்றாங்க. சோலைக்காட்டுல நாவல் இனத்து மரங்களும் இப்படித்தான் செக்கச்செவேல்னு துளிர்க்கும், அந்த செவப்பு இளம் இலைய வெயில்ல இருந்து காப்பாத்துது, கொஞ்ச நாள்ல தானா பச்சையாயிரும்.

சருகக் கூட்டிக் கொளுத்தறது எனக்கு மனசே ஆறாத விஷயம். இலையோட விழுற கால்சியம் மறுபடி மண்ணுக்குத்தான் போகணும், பட்டர் ஃப்ரூட்டோட சல்லி வேரெல்லாம் மேல்மண்ணுலயே இருக்கு, அதுக்கு மூடாக்கே, அதாவது மண்ண மூடற போர்வையே, இந்த சருகுதான். அடிமரத்த ஒட்டி மட்டும் குமிக்காம விடுங்க. கொடைக்கானல்ல வீட்ட ஒட்டி பைன் ஊசி கெடந்தா மட்டும் மாசி பங்குனிக்கு முன்னாடியே அள்ளிருங்க, காஞ்ச ஊசி சட்டுனு பத்திக்கும்.

உறைபனியில கருகுறது வேற, அது வெளிப்பக்கம் பனி படுற இலையிலதான் தெரியும், உடனே கிளைய வெட்டாம எதுவரைக்கும் துளிர் வருதுன்னு பாத்துட்டு அப்புறம் வெட்டுங்க. ஆனா சைப்ரஸ் வேலிக்கு இந்தக் கணக்கு செல்லாது, உள்பக்கம் இலை உதிர்ந்து பழுப்பா இருக்கேன்னு அந்த வெறும் கட்டை வரைக்கும் வெட்டுனீங்கன்னா அங்க மறுபடி துளிர்க்காது, பச்சை இருக்கற பகுதியோட கத்திரிக்கோல நிறுத்திக்கணும்.